பெரிய வங்கியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர் வேலை: சேரலாமா, வேண்டாமா?

கோவையில் பி.இ. முடித்து மூன்று வருடமாக ஒரு ஐடி சேவை நிறுவனத்தில் ஜாவா எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பெரிய பன்னாட்டு வங்கியின் சென்னை தொழில்நுட்ப மையத்திலிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு ஸ்டார்ட்அப்பும் கூப்பிடுகிறது. "வங்கிக்குப் போனால் பழைய டெக்னாலஜியில் மாட்டிக்கொள்வாய், மூளை துருப்பிடித்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் துறைக்கு வந்து 12 வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் ஒரு சேவை நிறுவனம் வழியாக இந்திய வங்கி ஒன்றின் ப்ராஜெக்ட். 2018 முதல் வெளிநாட்டு வங்கி ஒன்றின் சென்னை மையத்தில், பேமென்ட்ஸ் பிரிவில். அதனால் நான் சொல்வதெல்லாம் பணப் பரிமாற்றத்தின் பக்கத்திலிருந்து பார்த்தது. டிரேடிங் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். "வங்கியில் ஐடி வேலை" என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. உங்களுக்கு வந்திருப்பது பன்னாட்டு வங்கியின் சொந்த மையம். சென்னையில் இப்படிப் பல வங்கிகளுக்கு மையம் உண்டு. அங்கே நீங்கள் வங்கியின் நேரடி ஊழியர். இரண்டாவது, இந்திய வங்கிகளின் ஐடி பிரிவு. பொதுத்துறை வங்கி என்றால், அந்த வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பு நடத்தும் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வெழுதி ஐடி ஆபீசராகப் போக வேண்டும். ஸ்டேட் வங்கி தனியாக ஆள் எடுக்கிறது, அதன் ஐடி மையம் நவி மும்பை பேலாப்பூரில் இருக்கிறது. மூன்றாவது, வங்கிகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் நிறுவனங்கள்: இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள், டிசிஎஸின் பேங்க்ஸ், ஆரக்கிளின் ஃபிளெக்ஸ்கியூப். இந்தியாவில் பெரும்பாலான வங்கிகளின் கோர் பேங்கிங், அதாவது வாடிக்கையாளர் கணக்குகளை நடத்தும் மைய அமைப்பு, இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் ஓடுகிறது. நண்பர்கள் சொன்ன கதை இந்த மூன்றில் எந்த இடத்துக் கதை என்று கேட்டுப்பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு 500 டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் ஒரு பொத்தானை அழுத்துவதோடு அவர் வேலை முடிந்தது. எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பம். அவர் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து அந்தத் தொகையை நிறுத்திவைக்க வேண்டும். அனுப்புகிறவர் பெயரும் பெறுகிறவர் பெயரும் ஐ.நா., அமெரிக்கா போன்ற இடங்களின் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மாற்று விகிதம் போட வேண்டும். கட்டணம் கழிக்க வேண்டும். லெட்ஜரில், அதாவது வங்கியின் கணக்குப் பேரேட்டில், ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு, இரண்டும் ஒரே நொடியில் பதிவாக வேண்டும். வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் என்ற வலைப்பின்னல் வழியாகச் செய்தி போக வேண்டும், பதில் வர வேண்டும். பதில் வந்ததா என்று இன்னொரு புரோகிராம் தனியாகச் சரிபார்க்க வேண்டும். இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு டீம் உண்டு. அந்த டீம்களில் ஏதோ ஒன்றில்தான் நீங்கள் போய் உட்காருவீர்கள்.

இதில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குச் சட்டென்று கண்ணில் படும் விஷயம் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வங்கியின் மென்பொருளோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டையும் நிரப்பியே தீர வேண்டும் என்கிறது. அந்த அம்மா வங்கிக் கணக்கில் "கே. செல்வி". மகன் சேமித்துவைத்திருப்பது "செல்வி கந்தசாமி". பழைய ஸ்விஃப்ட் செய்தியில் பெயர், முகவரி எல்லாமே 35 எழுத்து கொண்ட நாலு வரிகளுக்குள் அடங்க வேண்டும். பெயர் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பெயர் பொருந்தவில்லை என்று பேமென்ட் நின்றுவிடும், ஒரு மனிதர் எடுத்துப் பார்த்து விடுவிக்கும்வரை. இப்படி நிற்பவற்றில் தமிழ்ப் பெயர்களும் தெலுங்குப் பெயர்களும் ஏன் இத்தனை இருக்கின்றன என்பதை எங்கள் டீமில் நாலு பேர் உட்கார்ந்து வெளிநாட்டு சக ஊழியர்களுக்கு விளக்கியிருக்கிறோம். ஒப்பிடும் விதியை மாற்றினோம். அந்த வாரம் எனக்கு இருந்த நிறைவு இன்னும் மறக்கவில்லை. இப்போது ஸ்விஃப்ட்டில் வங்கிகளுக்கு இடையிலான பண உத்தரவுகள் ஐஎஸ்ஓ 20022 என்ற வடிவத்துக்கு வந்துவிட்டன. பழைய வடிவத்தோடு சேர்த்து ஓட்டும் காலம் நவம்பர் 2025ல் முடிந்தது. இந்தியாவின் ஆர்டிஜிஎஸ் 2013லேயே இந்த வடிவத்துக்கு மாறிவிட்டது. புதிய வடிவத்தில் பெயர், தெரு, ஊர், நாடு எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. இந்த மாற்றத்துக்காகப் பல வங்கிகளில் வருடக்கணக்கில் வேலை நடந்தது. பழைய டெக்னாலஜி என்று சொல்லும் நண்பர்களுக்கு இது தெரிந்திருக்காது.

இந்த வேலை எனக்கு உண்மையில் எப்போது புரிந்தது என்று சொல்கிறேன். பேமென்ட்ஸ் பிரிவுக்கு வந்த முதல் வருடம். வங்கிகளுக்கு இடையே பணக் கணக்கைத் தீர்த்துவைக்கும், வெளியே இருக்கும் கிளியரிங் அமைப்புக்குச் செய்தி அனுப்பி 30 நொடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும்படி நான் ஒரு சின்ன மாற்றம் எழுதினேன். வேறு எந்த இடத்திலும் எல்லோரும் செய்வதுதான். நெட்வொர்க் சொதப்பினால் திரும்ப முயற்சி செய், அவ்வளவுதானே? டெஸ்டிங்கில் அழகாக ஓடியது. புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்களின் நிஜப் பணம் ஓடும் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கம் மெதுவாகிவிட்டது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, பதில்தான் தாமதம். என் கோட் மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புது ரெஃபரன்ஸ் எண் போட்டு அனுப்பியது. அந்தப் பக்கத்தில் இரட்டைச் செய்தியைப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தும், எண் வேறாக இருந்ததால் பிடிபடவில்லை. 63 பேருடைய பணம் இரண்டு முறை போய்விட்டது.

எங்கள் தளத்திலேயே ஆபரேஷன்ஸ் டீம் உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு அக்கா, கிளையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். திங்கட்கிழமை காலை ஒரு எக்செல் ஷீட்டை என் மேசையில் பிரின்ட் எடுத்து வைத்தார். 63 வரி. சில வரிகளில் பேனாவால் குறிப்பு எழுதியிருந்தார். "இந்த வரியைப் பாருங்க. இவர் வீட்டு லோன் தவணை ரிட்டர்ன் ஆயிடுச்சு. அபராதம் போட்டுட்டாங்க. நான்தான் ஃபோன்ல பேசினேன்" என்றார். திட்டவில்லை. எனக்கு அது திட்டியதைவிட அதிகமாகப் பட்டது. அதுவரை எனக்கு அது ஒரு டைம்அவுட் பிரச்சினை. அந்தத் தாளைப் பார்த்த பிறகு 63 பேர்.

அன்றைக்குப் பிடிபட்டது இதுதான். மற்ற இடங்களில் ஒரு செயலுக்கு இரண்டு முடிவுகள்: நடந்தது, நடக்கவில்லை. பணத்தில் மூன்றாவது ஒன்று உண்டு: தெரியவில்லை. பதில் வராவிட்டால் அது தோல்வி ஆகிவிடாது. அந்த "தெரியவில்லை" நிலையை ஒழுங்காகக் கையாளுவதற்கே பேமென்ட்ஸ் கோடில் பெரும்பங்கு போகிறது. வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் நொடியிலேயே ஒரு ரெஃபரன்ஸ் எண் பிறக்க வேண்டும், கடைசிவரை அதே எண்தான். பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பக்கூடாது, "இந்த எண்ணுக்கு என்ன ஆனது?" என்று கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஓரமாக எடுத்துவைத்து, நாள் முடிவில் எதிர்ப்பக்கப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

யுபிஐயில் சில சமயம் பணம் நம் கணக்கில் கழிந்து, எதிராளிக்குப் போகாமல் "பெண்டிங்" என்று தொங்குமே, அது இந்த மூன்றாவது நிலைதான். அப்படித் தொங்கும் பணம் எத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி செப்டம்பர் 2019ல் விதி போட்டது. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் அனுப்பியது என்றால் அடுத்த நாளுக்குள். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். இந்த ஒரு வரி விதியை நிறைவேற்ற எத்தனை புரோகிராம், எத்தனை கோப்பு, எத்தனை பேருடைய ராத்திரி என்று உள்ளே வந்தால் தெரியும்.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன், இது சின்னது. ஜூலை 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது நான் இந்திய வங்கி ப்ராஜெக்டில் இருந்தேன். கட்டணத்தின் மேல் 18 சதவீதம் வரி, மாநிலத்துக்குள் என்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. கட்டணம் 12 ரூபாய் 50 காசு என்று வையுங்கள். 18 சதவீதம் போட்டால் 2.25. தனித்தனியாக 9 சதவீதம் போட்டால் 1.125. காசுக்கு முழுமையாக்கினால் 1.13, இரண்டும் சேர்ந்து 2.26. ஒரு காசு உதைக்கிறது. சரி, அரைக்காசை இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும் முறையில் முழுமையாக்கலாம் என்று பார்த்தால் 1.12, சேர்த்து 2.24. அந்தப் பக்கமும் ஒரு காசு உதைக்கிறது. வாடிக்கையாளரிடம் எடுத்தது ஒரு தொகை, அரசுக்குக் காட்டுவது இன்னொரு தொகை என்று இருக்க முடியாது. கடைசியில் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து, முதலில் ஒரு பாதியைக் கணக்கிட்டு முழுமையாக்கு, அதையே மறுபாதிக்கும் வை, மொத்தம் என்பது இரண்டின் கூட்டல் மட்டுமே, 18ஐ வைத்து எங்கேயும் பெருக்காதே என்று முடிவு செய்தோம். கோடில் அது நாலு வரி. முடிவுக்கு வர இரண்டு நாள். தசமத்தை டபுள் என்ற வகையில் வைத்தால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டும்போது 0.30000000000000004 வரும் என்பதைக் கல்லூரியில் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். இங்கே அதற்காக உங்கள் கோடைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, எல்லோரும் குறை சொல்லும் மெதுவான வேகம். ஆமாம், மெதுவாகத்தான் இருக்கும். பத்து வரி மாற்றத்தை எழுத ஒரு மணி நேரம், புரொடக்ஷனுக்குக் கொண்டுபோக இரண்டு வாரம் என்பது சாதாரணம். சேஞ்ச் ரெக்வெஸ்ட் போட வேண்டும். என்ன மாறுகிறது, யாரைப் பாதிக்கும், டெஸ்டிங் ஆதாரம் எங்கே, சொதப்பினால் எப்படித் திரும்பப் போவது என்று எழுத வேண்டும். அதை ஒரு குழு கேள்வி கேட்டு அனுமதிக்க வேண்டும். கோட் எழுதியவர் கையால் புரொடக்ஷனில் போட முடியாது, வேறு ஆள்தான் போட வேண்டும். பெரும்பாலும் சனிக்கிழமை இரவு. உங்கள் லேப்டாப்பிலிருந்து புரொடக்ஷன் டேட்டாவைப் பார்க்க முடியாது. அவசரம் என்றால் தனி அனுமதி வாங்கி சில மணி நேரம் மட்டும் உள்ளே போகலாம், என்ன தட்டினீர்கள் என்பது முழுவதும் பதிவாகும். வருடக் கடைசியில் சில வாரம் எந்த மாற்றமும் கூடாது என்று பூட்டிவிடுவார்கள்.

எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழைய விபத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இந்தப் படிகளில் பாதிக்கு மேல் யாரோ பட்ட அடியிலிருந்து வந்தவை என்று புரிந்தது. பிரிட்டனில் ஆர்பிஎஸ் வங்கி ஜூன் 2012ல் இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளைப் புதுப்பித்தது. அதில் கோளாறு வந்து பழையதற்குத் திரும்பப் போனபோது நிலைமை இன்னும் மோசமானது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே குழுமத்தின் அல்ஸ்டர் வங்கியில் சீராக வாரக்கணக்கில் ஆனது. 2014ல் 5.6 கோடி பவுண்டு அபராதம். திரும்பப் போகும் வழியையும் டெஸ்ட் செய்தாயா என்று எங்கள் அனுமதிக் குழு ஒவ்வொரு முறையும் கேட்பது எதற்கென்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

அதே பிரிட்டனில் டிஎஸ்பி (TSB) வங்கி ஏப்ரல் 2018ல் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றி, பெரும் குழப்பமானது. வங்கிக்கு விழுந்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. அதோடு நிற்காமல், அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் போட்டார்கள். ஐடி தலைவர் தன் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிய இடம் இது. நம் நாட்டிலும் அப்படித்தான் இறுகிக்கொண்டு வருகிறது. டிசம்பர் 2020ல் தொடர் முடக்கங்களுக்காக எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு கொடுக்கவும் புதிய டிஜிட்டல் திட்டங்கள் தொடங்கவும் ரிசர்வ் வங்கி தடை போட்டது. முழுவதும் நீங்க மார்ச் 2022 ஆனது. ஏப்ரல் 2024ல் கோடக் மஹிந்திரா வங்கிக்கு இதே மாதிரி. ஐடி குறைபாட்டுக்காக வங்கியின் வியாபாரத்தையே நிறுத்திவைக்கிறார்கள் என்றால், உள்ளே இன்ஜினியர் பேச்சுக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்? நான் கண்ணால் பார்த்தவரை கூடியிருக்கிறது.

நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எப்போதும் சொல்லும் கதை சிட்டி வங்கியுடையது. ஆகஸ்ட் 2020. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, அந்த நிறுவனத்தின் சார்பில் சிட்டி வழியாக, சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டும் போக வேண்டும். அந்தக் கடன் மென்பொருளில் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால், அசல் முழுவதையும் அடைப்பதுபோலப் பதிவு செய்து, அசலை வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்ப வேண்டும். அதற்குத் திரையில் மூன்று கட்டங்களில் அந்த உள்கணக்கு எண்ணைப் போட வேண்டும்: பிரின்சிபல், ஃபிரன்ட், ஃபண்ட். பிரின்சிபல் என்ற ஒன்றில் மட்டும் போட்டார்கள். பெயரைப் பார்த்தால் அது போதும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஒருவர் பதிவு செய்து, இரண்டாமவர் சரிபார்த்து, மூன்றாமவர் அனுமதித்தார். மூன்று பேருக்கும் அது சரியாகவே பட்டது. "பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா?" என்று பொதுவாக ஒரு எச்சரிக்கை வந்தது, எந்தத் தொகை என்று அது சொல்லவில்லை. ஏறக்குறைய 90 கோடி டாலர் போய்விட்டது. சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் திருப்பித் தர மறுத்து, வழக்காகி, செப்டம்பர் 2022ல் மேல்முறையீட்டில்தான் தீர்ப்பு வங்கிக்குச் சாதகமானது. அந்த மூன்று பேரை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திரையை வடிவமைத்ததும், அந்த எச்சரிக்கையில் தொகையைக் காட்டாமல் விட்டதும் நம்மைப் போன்ற இன்ஜினியர்கள்தான். உங்கள் கையில் ஒரு பழைய திரை வந்தால், கட்டத்தின் பெயர் சரியா, எச்சரிக்கையில் தொகை தெரிகிறதா என்று பாருங்கள். புது ஃப்ரேம்வொர்க் எதுவும் அதற்குத் தேவையில்லை.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் பிப்ரவரி 2018ல் ஹேக்கர்கள் நுழைந்து ஸ்விஃப்ட் வழியாக மூன்று பரிமாற்றங்களை அனுப்பினார்கள். சுமார் 20 லட்சம் டாலர். வெளியே போன செய்திகளையும் வங்கியின் சொந்தக் கணக்கையும் ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது. இந்த ஒப்பிடும் வேலைக்கு ரெகன்சிலியேஷன் என்று பெயர். சேரும்போது அந்த டீமில் போட்டால் பலருக்கு முகம் வாடிவிடும். வாடவே வேண்டாம். வங்கியின் எல்லா அமைப்புகளும் வந்து சேருமிடம் அது. எது எங்கே எப்படிப் பொய் சொல்லும் என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த சிறந்த வங்கி இன்ஜினியர்கள் இரண்டு பேர் அங்கிருந்து வந்தவர்கள்.

பழைய டெக்னாலஜி பற்றிய கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். இருக்கிறது. பெரிய வெளிநாட்டு வங்கிகளின் லெட்ஜர் பல இடங்களில் இன்னும் ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியில், கோபோல் என்ற பழைய மொழியில் ஓடுகிறது. ஆனால் ஜாவா தெரிந்த உங்களை அங்கே போட மாட்டார்கள். அதற்கு முன்னால் நிற்கும் சேவைகளில் போடுவார்கள். அங்கே காஃப்கா, ஸ்பிரிங் பூட், கூபர்நெட்டீஸ் போன்ற இன்றைய கருவிகள் எல்லாம் வெளியில் இருப்பது போலத்தான். புது வெர்ஷன் வந்த உடனே கையில் கிடைக்காது, பாதுகாப்புப் பிரிவு பார்த்து அனுமதித்த பிறகுதான். மெயின்ஃப்ரேம் ஆட்களோடு பேசிப் பழகுங்கள். ஓய்வுக்கு நெருங்கியவர்கள் பலர், கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித்தருவார்கள். வங்கியின் "இன்றைய தேதி" என்பது காலண்டர் தேதி அல்ல, இஓடி என்ற நாள்முடிவு வேலை ஓடி முடிந்தால்தான் வங்கிக்கு அடுத்த நாள் பிறக்கும் என்பதை அவர்களில் ஒருவர்தான் எனக்குப் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். முன்பெல்லாம் இரவில் கடையைச் சாத்திவிட்டு நிதானமாக நாள்முடிவை ஓட்டலாம். என்இஎஃப்டி டிசம்பர் 2019லும் ஆர்டிஜிஎஸ் டிசம்பர் 2020லும் 24 மணி நேரமும் ஓட ஆரம்பித்த பிறகு சாத்த நேரமே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மாற்றுவது மாதிரி, நாள்முடிவு ஓடும்போது வரும் பணத்தை அடுத்த தேதியில் வாங்கிவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டர் துறையில் இதைவிடச் சுவையான புதிர்கள் அதிகம் இல்லை.

இனி உண்மையான குறைகள். முதல் குறை, முடிவெடுப்பவர்கள் பல நேரம் லண்டனிலோ நியூயார்க்கிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். டிசைன் அங்கே, எழுதுவது இங்கே என்று பிரிந்திருந்தால் நீங்கள் நல்ல இன்ஜினியராக வளர்வது கஷ்டம். இது டீமுக்கு டீம் மாறும். ஒரே கட்டடத்தில் இரண்டு தளம் தள்ளி, முழுப் பொறுப்பும் சென்னையிலேயே இருக்கும் டீமும் இருக்கும். வெளியிலிருந்து வரும் டிக்கெட்டை முடித்துக்கொண்டே இருக்கும் டீமும் இருக்கும். இரண்டாவது வகையில் ஆறு வருடமாக ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நண்பர், வேலை மாறத் தேடியபோது பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் நண்பர்கள் சொல்லும் துரு அங்கேதான் பிடிக்கிறது. மெயின்ஃப்ரேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம், சனிக்கிழமை இரவு ரிலீஸ், மாதக்கடைசி, ஆன்கால் முறை (கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்க வேண்டிய பொறுப்பு) வந்தால் அந்த வாரம் ஃபோனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது சுலபம் இல்லை, வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆடிட் வரும் வாரங்களில் கோட் எழுத நேரமே கிடைக்காது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பதவிப் பெயர்களைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். வங்கியில் ஏவிபி (அசிஸ்டென்ட் வைஸ் பிரசிடென்ட்), விபி (வைஸ் பிரசிடென்ட்) என்பவை சம்பளப் படிகள். வைஸ் பிரசிடென்ட் என்று போட்டிருப்பவர் நாலு பேர் டீமில் கோட் எழுதிக்கொண்டிருப்பார்.

அதனால் ஆஃபரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எந்த டீம் என்று பெயரோடு கேளுங்கள். எச்ஆர் சொல்லாவிட்டால் மேனேஜரோடு பதினைந்து நிமிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். அவரிடம் போன ரிலீஸ் எப்போது, அதற்கு முந்தையது எப்போது என்று விசாரியுங்கள். கடைசியாகப் புரொடக்ஷனில் வந்த பெரிய பிரச்சினையை யார் கண்டுபிடித்தார்கள், யார் சரி செய்தார்கள் என்று கேளுங்கள். "எங்கள் டீம்தான்" என்று ஆரம்பித்து அவர் முகம் மலர்ந்து விவரிக்கத் தொடங்கினால் நல்ல இடம். "அது வேறு டீம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யோசியுங்கள். வங்கியின் வியாபாரப் பக்கத்து ஆட்களோடு உங்களுக்கு நேரடிப் பேச்சு உண்டா என்பதும் முக்கியம். பேமென்ட்ஸ், லெட்ஜர், ரெகன்சிலியேஷன், மோசடி கண்டறிதல் என்றால் நான் தயங்காமல் போகச் சொல்வேன். உள் ஊழியர்களுக்கான ஏதோ ஒரு போர்ட்டல் என்றால் ஸ்டார்ட்அப்பையே பாருங்கள்.

சேர்ந்துவிட்டால் முதல் ஆறு மாதத்தில் புது மொழி எதுவும் கற்க வேண்டாம். பற்று வரவு இரட்டைப் பதிவைக் கற்றுக்கொள்ளுங்கள். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம் போதும். ஆபரேஷன்ஸ் டீமிடம் கேட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் திரையில் எத்தனை முறை எரிச்சலாகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். டீமின் பழைய இன்சிடென்ட் அறிக்கைகள் இரண்டு வருடத்துக்குப் படியுங்கள். நான் சொன்ன அந்த 63 வரித் தாளை இன்னும் டிராயரில் வைத்திருக்கிறேன், பெயர்களைக் கறுப்படித்து. புதிதாக டீமுக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் அதைக் காட்டிவிட்டுத்தான் கோட் காட்டுவேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வங்கிகளில் பின்னணிச் சரிபார்ப்பு மற்ற இடங்களைவிடக் கடுமையாகவும் மெதுவாகவும் நடக்கும். படிப்பு, பழைய வேலை, போலீஸ் பதிவு ஆகியவற்றோடு பல வங்கிகள் கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் உங்கள் சிபில் அறிக்கையையும் பார்க்கின்றன. கல்விக் கடன் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தவணை ஏதாவது விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே போய்க் கட்டி, கிளையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சரிபார்ப்பு முடிந்தது என்று எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள். நோட்டீஸ் 90 நாள் என்பதால் அவசரப்படத் தோன்றும், ஆனாலும் பொறுங்கள். டீம் எது என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், அந்தப் பிரிவில் என்ன படித்துவிட்டுப் போகலாம் என்று சொல்கிறேன்.